மல்லிகடானியின் பிறந்த வீடு

குலசேகரம் மலையடி எஸ்டேட்
1931 ஜூன் 7

தங்கத்துக்கு,

இங்கே மழை பிடித்தால் லேசில் விடுவதில்லை. ஆபீசுக்குப் பின்னால் எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் சுவரெல்லாம் பச்சை பூத்துவிட்டது. காய்ச்சல் இல்லை, அட்டைக்கடி உண்டு, சாப்பாடு பங்களா சமையல்காரன் சிலுவையின் தயவில் நடக்கிறது. அம்மைக்கு இதை வாசித்துக் காட்டும்போது அட்டையை மட்டும் விட்டுவிடு.

ரப்பர் விலை விழுந்த விழுகையில் பாதி மரங்களில் பால் வெட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். கணக்கப்பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தோம். கோட்டாற்றுக் கோலப்பன் அண்ணனைப் போன மாதம் துரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் தப்பினேன். எப்படி என்று கேட்காதே, ஆண்டவர் கண் திறந்தார் என்று வைத்துக்கொள்.

இப்போது புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. துரையின் மனைவி, இங்கே எல்லோரும் மதாம்மா என்றுதான் சொல்கிறோம், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு என்னைப் பாடாய்ப் படுத்துகிறாள். லண்டன் பத்திரிகை ஒன்றில் இங்கிலீஷ் சொற்களின் பூர்வீகத்தை வாசகர்கள் எழுதி அனுப்புகிற பக்கம் உண்டாம். மதாம்மா எடுத்திருக்கும் சொல் 'மல்லிகடானி'. கோழியும் மஞ்சளும் காரமும் போட்டு அவர்கள் குடிக்கிற சூப் அது. மல்லிகன் என்று யாராவது ஐரிஷ்காரன் இருந்திருப்பான், டானி என்றால் பழுப்பு நிறம், ஆக மல்லிகன் வைத்த பழுப்பு சூப் என்று துரை அடித்துச் சொல்கிறார். மதாம்மாவுக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. "இது உங்கள் பக்கத்துச் சொல்லா, மிஸ்டர் ஞானதாசன்?" என்று என்னைக் கேட்டாள். மிஸ்டர் என்றாள், கவனித்தாயா?

மிளகுதண்ணீர்தான் அது என்று உடனே சொல்லிவிட்டேன். சரி, மிளகு என்றால் என்ன, வைத்துக் காட்டு என்றாள். சிலுவை இருக்கிறானே, "மொளவுன்னா மொளவுதான், இதுல என்ன சந்தேகம்?" என்று மிளகாய் வத்தலை அரைத்துக் கொதிக்கவிட்டு நீட்டினான். நானும் தலையாட்டினேன். மதாம்மா ஒரு கரண்டி குடித்தாள். அப்புறம் துரை அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

நீ மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவள். அங்கே இருக்கும் பெரிய அகராதியைப் பார்த்து இந்தச் சொல்லின் வரலாற்றை எழுதி அனுப்பு. என் மானம் உன் கையில்.

எப்போது கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். வீடு ஒதுக்கட்டும், தங்கம். இந்த ஈரத்தில் நீ ஒரு வாரம் தாங்கமாட்டாய்.

உன்
ஞானதாசன்


நாகர்கோவில்
1931 ஜூன் 14

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் வந்தது. அதில் எத்தனை மதாம்மா இருக்கிறாள் என்று எண்ணத் தொடங்கினேன், மாமி கிணற்றில் தண்ணீர் கோரக் கூப்பிட்டதால் பாதியில் விட்டேன். நான் எத்தனை இடத்தில் இருக்கிறேன் என்று எண்ணுவதற்கு நேரம் போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான் அந்த அகராதியைத் தொட்டேன். தாள் வாசனை முகத்தில் அடித்ததும் அழுகை வந்தது, அது உங்களுக்கு வேண்டாத விஷயம்.

சொல் நம்முடையதுதான். மல்லிகனும் இல்லை, பழுப்பும் இல்லை. ஏறக்குறைய நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மைசூர்ச் சிறையில் கிடந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள், எங்களுக்கு வெறும் மிளகுதண்ணீர்தான் சாப்பாடு என்று புலம்பியிருக்கிறார்கள். இங்கிலீஷில் அந்தச் சொல் முதலில் எழுத்தில் வந்தவற்றில் அதுவும் ஒன்றாம். பிறகு சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தே பழகிய மதராஸ் துரைமார்களுக்குச் சமையல்காரர்கள் அந்தத் தண்ணீரிலேயே கறியைப் போட்டுக் கொடுக்க, அது சீமைக்குப் போய்விட்டது. மற்ற ஊர்த் துரைமார் மதராஸ் துரைமாரை 'மல்' என்று கேலி செய்வார்களாம், இந்த சூப்பை வைத்துத்தான்.

இனி வத்தல் விஷயம். சிலுவை மேல் தப்பில்லை. நம் ஊரில் மிளகு என்று கேட்டால் வத்தலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் வத்தல் இந்த மண்ணில் பிறந்ததே இல்லை. பறங்கியர் கப்பலில் வந்தது. அதற்கு முன்னால் மிளகு என்றால் உங்கள் மலையில் கொடியில் காய்க்கிறதே, அது ஒன்றுதான். வந்தவள் சிவப்பாக இருந்தாள், பேரைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டிலேயே இருந்தவளை அடையாளம் தெரிய 'நல்லமிளகு' என்று சொல்லி மூலையில் வைத்துவிட்டார்கள். நல்லவள் என்று பேர் வாங்கி என்ன கண்டாள்? இதை நான் யாரை நினைத்து எழுதினேன் என்று உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. இதையெல்லாம் உங்கள் மனைவி சொன்னாள் என்று மதாம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கல்யாணமாகி வருஷம் ஒன்றரை ஆகிறது. நீங்கள் இந்த வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் லெந்து காலத்து நாற்பது நாளுக்குக் கூட வராது. அட்டை கடித்தால் நான் கத்தமாட்டேன்.

தங்கபாய்


எஸ்டேட்
1931 ஜூன் 28

தங்கம்,

நீ மட்டும் நேற்றுச் சாயங்காலம் இங்கே இருந்திருக்க வேண்டும்! சிறைப்பட்ட சிப்பாய்கள், மதராஸ் மல், பேரைப் பறிகொடுத்த நல்லமிளகு, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துவிட்டேன். மதாம்மா பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். துரை சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது தினமும் நாலரை மணிக்கு நான் பங்களா வராந்தாவுக்கு வர வேண்டும் என்று உத்தரவு. எனக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி போட்டிருக்கிறார்கள். கங்காணி நின்றுகொண்டு பேசுகிற இடத்தில் நான் உட்கார்ந்து பேசுகிறேன்.

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எங்கள் வீட்டிலிருந்து என்றேன். உன் நிபந்தனை நிறைவேறிவிட்டது.

இப்போது மதாம்மாவுக்கு நிஜமான மிளகுதண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டுமாம். சிறையில் கொடுத்த மாதிரி, கறி போடாமல். நமக்குக் கல்யாணமான மாதம் காய்ச்சலில் கிடந்தேனே, அப்போது நீ ஒன்று வைத்துக் கொடுத்தாய். அதை எப்படி வைப்பது என்று எழுது. அவளுக்கும் இரண்டு நாளாக ஜலதோஷம், பாவம், குரலே போய்விட்டது.

ஞானதாசன்


நாகர்கோவில்
1931 ஜூலை 5

அத்தானுக்கு,

"எங்கள் வீட்டிலிருந்து." வீடு வாயைத் திறந்து பேசிற்றா? சுவர் சொல்லிற்றா, கூரை சொல்லிற்றா? மனைவி என்று சொல்ல அத்தனை கஷ்டமா?

அவளுக்கு ஜலதோஷம் வந்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கிறது. மே மாதம் எனக்குப் பத்து நாள் இருமல் என்று எழுதியிருந்தேன், அதற்கு நீங்கள் ரப்பர் விலையைப் பற்றிப் பதில் எழுதினீர்கள்.

எனக்குப் பொறாமைதான். கிளாராவிடம் சொன்னேன், மிஷன் லேஸ் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவள். "ஏட்டி, வெள்ளக்காரி மேலயா ஒனக்குப் பொறாமை? அவ புருஷன் பக்கத்துல இருக்கான்லா?" என்று சிரிக்கிறாள். நீங்கள் அவளைத் தொடுவீர்கள் என்று நான் பயப்படவில்லை. நாலரை மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, நான் தேடிக் கொடுத்த சொல்லை வாயில் வைத்துக்கொண்டு போகிறீர்களே, அந்த நாலரை மணி எனக்கு ஒருநாளாவது கிடைத்ததா? என்னிடம் நீங்கள் பேசியதெல்லாம் சோறு வைக்கும் நேரத்துப் பேச்சு. எனக்கும் சொற்களைப் பற்றிப் பேசத் தெரியும். கேட்க ஆளில்லை.

சரி, எழுதுகிறேன். நல்லமிளகும் சீரகமும் வறுக்காமல் அம்மியில் ஒன்றிரண்டாக நுணுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். பூண்டைத் தோலோடு தட்டிப் போட வேண்டும். புளி நெல்லிக்காய் அளவு. கறிவேப்பிலையை உருவாமல் ஈர்க்கோடு போடலாம். இதில் ஒன்றை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறேன். காய்ச்சலில் கிடந்தபோது குடித்தவர் நீங்கள், நாக்கு நினைவு வைத்திருந்தால் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை கடைசியில் மிஷன் வளாகத்தில் லேஸ் விற்பனை. மலைப்பக்கத்து மதாம்மாக்கள் எல்லாம் காரில் வருவார்களாம்.

தங்கபாய்


எஸ்டேட்
1931 ஜூலை 19

தங்கம்,

நீ எதை விட்டாயோ தெரியாது, ஒரு குறையும் இல்லை. மதாம்மா இரண்டு கிண்ணம் குடித்தாள். ஆக உன் சதி பலிக்கவில்லை.

இப்படியெல்லாம் எழுதாதே. ஒரு சொல்லுக்காகப் பேசுகிறோம், அவ்வளவுதான். இந்த மந்த காலத்தில் மதாம்மாவின் தயவு இருப்பதால்தான் என் வேலை நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் மணிக்கணக்குப் பார்க்கிறாய். மாதக் கடைசியில் வர முடியாது, கட்டுரை பாதியில் நிற்கிறது.

அந்த லேஸ் விற்பனைக்கு நீ போக வேண்டாம். மழையும் கூட்டமுமாக இருக்கும். அம்மைக்கும் முழங்கால் வலி என்று முன்பு எழுதியிருந்தாய். உன் லேஸைக் கிளாராவிடம் கொடுத்து அனுப்பு.

ஞானதாசன்


நாகர்கோவில்
1931 ஆகஸ்ட் 2

அத்தானுக்கு,

போனேன்.

போக வேண்டாம் என்று எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருக்கமாட்டேன். மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுவிட்டு, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். லேஸ் விற்க அல்ல, அவள் முகத்தைப் பார்க்க. கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

உங்கள் எஸ்டேட் மதாம்மா யார் என்று கிளாரா விசாரித்துக் காட்டினாள். நெட்டையாக இருந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அழகில்லை என்று நிம்மதிப்பட்டுக்கொண்டிருந்தபோது சிரித்துவிட்டாள். சிரித்தால் அழகாகத்தான் இருக்கிறாள். நான் பின்னிய கழுத்துப்பட்டி லேஸை எடுத்து, உடைந்த தமிழில் இது யார் வேலை என்று கேட்டாள். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவ்வளவுதான், மற்ற மேஜைகளையெல்லாம் விட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு எப்படியோ சாப்பாட்டுக்கு வந்தது. எங்கள் எஸ்டேட்டில் மிளகுதண்ணீர் வைக்கிறார்கள், நன்றாக இருக்கிறது, ஆனால் கடைசியில் ஒரு கசப்பு தட்டுகிறது, ஏன் என்றாள். கொதிக்க விட்டிருப்பார்கள், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்றேன். அதுதான் நான் உங்களுக்கு எழுதாமல் விட்டது. உங்களிடம் மறைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அவள் கேட்டாள்.

பிறகு, கப்பலில் வந்த சிவப்பியையும் மூலைக்குப் போன நல்லமிளகையும் பற்றிச் சொன்னேன். "இதே கதையை எங்கள் கிளார்க்கும் சொன்னான்!" என்று கையைத் தட்டினாள். உன் கணவர் யார், பெயர் என்ன என்று கேட்டாள்.

நாக்கில் அத்தனை இங்கிலீஷ் இருந்தது, உங்கள் பெயர் மட்டும் வரவில்லை. புருஷன் பெயரை எந்தப் பெண் சொல்கிறாள்? எப்போதும் கிளாராதான் எனக்காகச் சொல்வாள், அவள் அப்போது காப்பி எடுக்கப் போயிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இந்த வழக்கம் எனக்குத் தெரியும், சொல்ல வேண்டாம் என்று மதாம்மாவே என் கையைத் தட்டிக்கொடுத்து, மேலே பேசினாள்:

"எங்கள் கிளார்க் நல்ல கெட்டிக்காரன். பாவம், தனியாள், கல்யாணம் ஆகவில்லை. அவன் அம்மா பெரிய படிப்பாளியாம், வீட்டில் கற்றதாகச் சொல்கிறான். உன்னைப்போல ஒரு பெண் கிடைத்தால் அவனுக்கு நன்றாக இருக்கும். உனக்குத் தங்கை இருக்கிறாளா?"

இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மாமிக்குத் தன் பெயரில் ஓர் எழுத்து எழுதத் தெரியாது, அவர் படிப்பாளி. நான் உங்களைக் கட்டியவள், எனக்கு உங்கள் வீட்டில் இடமே இல்லை. நான் யார் என்று எழுதுங்கள்.

தங்கபாய்


எஸ்டேட்
1931 ஆகஸ்ட் 6

என் தங்கம்,

கடிதத்தைப் பார்த்ததும் உடனே எழுதுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. ஆள் குறைத்த அன்று துரை கணக்கப்பிள்ளைகள் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, குடும்பக்காரனுக்கு வீடு கொடுக்க இனி வசதியில்லை, தனியாளைத்தான் வைத்துக்கொள்வேன் என்றார். கோலப்பன் அண்ணன், "எனக்கு நாலு பிள்ளியள் உண்டு தொரை" என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. துரை என்னைத் தனியாள் என்று எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்து என்று நான் சொன்னதை, அம்மையிடமிருந்து என்று மதாம்மாவே எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. வேலை போயிருந்தால் நீயும் அம்மையும் என்ன செய்வீர்கள்? ரப்பர் விலை ஏறட்டும், நானே பக்குவமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நீ எதையும் வெளியே விடாதே.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவளிடம் அத்தனை நேரம் என்னதான் பேசினாய்? விற்பனையிலிருந்து திரும்பிய நாள் முதல் இங்கே வேறு பேச்சே இல்லை. "நாகர்கோவிலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன், மிஸ்டர் ஞானதாசன், உங்களைவிட அதிகம் தெரிந்தவள்." நாலரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் ஒன்று சொன்னால், அந்தப் பெண் இதை வேறு மாதிரி சொன்னாளே என்கிறாள். சிலுவைக்கு நுரை கட்டியதும் இறக்கு என்று உத்தரவு. என் பெண்டாட்டியின் புகழை யாரோ ஒருத்தியின் புகழ் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சொல்லாததை அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

வியாழக்கிழமை காரில் உன்னைப் பார்க்க வரப்போகிறாளாம். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடு.

ஞானதாசன்


நாகர்கோவில்
1931 ஆகஸ்ட் 16

அத்தானுக்கு,

வந்தாள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

தெருவே கூடி நின்றது. மாமி புதுச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "எனக்க மொவனும் மலையிலதான் வேல பாக்கான்" என்று தொடங்கினார். உங்கள் பெயரைச் சொல்வதற்குள் காப்பி போடச் சொல்லி அடுக்களைக்கு அனுப்பினேன். உங்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன். செய்துவிட்டு எனக்கே என் மேல் ஆத்திரமாக வந்தது.

அவள் எழுதியிருந்ததைக் காட்டினாள். அதில் நான் தேடிக் கொடுத்ததெல்லாம் உங்கள் அம்மாவின் பெயரில் இருந்தது. நடுவே நீங்களாகச் சேர்த்த ஒன்றும் இருந்தது. நம் ராஜாவின் அரண்மனையில் வெள்ளைக்காரக் கப்பித்தான்களுக்கு மிளகுதண்ணீர் விருந்து வைத்தார்களாம். அதை அடித்துவிடச் சொன்னேன். ஏன் என்றாள். ஆதாரம் இல்லை என்றேன். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தினோம். எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இப்படி ஒரு மத்தியானம் கிடைத்ததில்லை. அவளைப் பிடிக்கக்கூடாது என்று உட்கார்ந்தேன், பிடித்துவிட்டது. அதற்காகவும் உங்கள் மேல்தான் கோபம்.

போன சனிக்கிழமை கோட்டாற்றுக் கடைத்தெருவில் கோலப்பன் அண்ணனைப் பார்த்தேன். அரிசி மண்டியில் சாக்கு தைக்கிறார். கணக்கு எழுதின கை, ஊசி குத்திக் குத்தி வீங்கியிருக்கிறது. "ஞானதாசன் சொகமா இருக்கானா மக்கா? அவனாவது தப்பினானே" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் மறைத்தது என்னை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரை முடியும் வரை பங்களாவின் பக்கத்து அறையில் வந்து தங்கச் சொல்கிறாள். உன் கணவர் விடுவாரா என்று கேட்டாள். அவர் குடும்பத்துக்கு இடமில்லாத ஊரில் வேலை பார்க்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது கேட்கிறேன். ஆனால் வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் கூட்டிப்போகிற வழியைக் காணோம், அவள் கார் அனுப்புகிறாள்.

தங்கபாய்


எஸ்டேட்
1931 ஆகஸ்ட் 20

தங்கபாய்,

வராதே. புருஷன் என்ற முறையில் சொல்கிறேன்.

நீ பங்களாவில், நான் ஆபீஸ் மூலையில். கூலிக்காரர்கள் முன்னால் உன்னைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நான் நடக்க வேண்டுமா? அல்லது உண்மையைச் சொல்லி வேலையை விட வேண்டுமா? இரண்டில் எது உனக்குச் சந்தோஷம்?

நாலு நாளாக மதாம்மா என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். "அந்தப் பெண் வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றாள். பிரம்பு நாற்காலியைத் துடைத்து உனக்காக வைத்திருக்கிறார்கள். அந்த வராந்தாவில் நான் ஒருவன் மனிதனாக உட்கார்ந்திருந்தேன், தங்கம். உனக்கு அதுவும் பொறுக்கவில்லை. என் அரண்மனைக் கதையை நீ ஏன் அடித்தாய்?

ஞானதாசன்


எஸ்டேட் பங்களா
1931 ஆகஸ்ட் 27

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முத்திரை இல்லை, சிலுவை கையில் கொடுத்தனுப்புகிறேன். நான் இருக்கும் அறை ஜன்னலிலிருந்து உங்கள் ஆபீஸ் கூரை தெரிகிறது. காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு ரப்பர் உலர்த்தும் புகைக்கூட்டுப் பக்கம் போனீர்கள். மெலிந்துவிட்டீர்கள். என் கார் வந்து நின்றபோது நீங்கள் திரும்பி நின்றுகொண்டதையும் பார்த்தேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். என் மேல் பொறாமை என்று எழுத உங்களுக்குத் தெரியவில்லை, அதனால் புருஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வலியில் மூன்று மாதம் கிடந்தவள், பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் வலிக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை.

நாற்காலி எனக்கு வேண்டாம். நீங்கள் உட்காருங்கள், நான் வேறொன்று போட்டுக்கொள்கிறேன். வேலை போனாலும் நான் லேஸ் பின்னுவேன், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கச் சேர்த்துக்கொள்வார்கள். பட்டினி கிடக்கமாட்டோம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாளைச் சாயங்காலம் மதாம்மா உங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டு என்னை அறிமுகம் செய்து வைக்கப்போகிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள், இவள் என் மனைவி என்று. துரை இருப்பார், கங்காணியும் வாசலில் நிற்பான். அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

தேநீர் ஆறிப்போகும் வரை காத்திருப்பேன்.

தங்கபாய்


நாகர்கோவில்
1931 செப்டம்பர் 13

தங்கத்துக்கு,

நான் வீடு வந்து இரண்டு வாரமாகிறது. நீ இன்னும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

கோலப்பன் அண்ணன் நேற்று இங்கே வந்திருந்தார். துரை ஆள் அனுப்பி மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறாராம். பெண்டாட்டியை ஒளித்தவன் கணக்கிலும் எதையாவது ஒளிப்பான் என்று துரை என்னைப் பற்றிச் சொன்னதை, பாவம், அண்ணன் என்னிடம் சொல்லாமல் விழுங்கப் பார்த்தார். நான்தான் சொல்ல வைத்தேன். எனக்கு அரிசி மண்டியில் அவர் இருந்த இடம் கிடைக்கும் போலிருக்கிறது. மதாம்மா உன்னைக் கிறிஸ்துமஸ் வரை இருக்கச் சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னார். அவள் கேட்பாள். எனக்கு வயிறு எரிகிறது. மதாம்மா தினமும் உன் பேச்சைக் கேட்கிறாள், நான் அம்மையின் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன்.

அம்மைக்கு உன் மேல் தீராத கோபம். "நாலு வெள்ளக்காரனுக்க முன்னால கெட்டினவனுக்க பேரச் சொன்னாளாமே!" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். நான் என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. உன்னைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, 'குட் ஈவினிங், மேடம்' என்று சொன்னதை எந்த வாயால் சொல்வது?

சொல்ல வேண்டுமென்றுதான் படியேறினேன். துரையின் பூட்ஸைப் பார்த்ததும் கை தானாகக் கட்டிக்கொண்டது, வாயில் மேடம்தான் வந்தது. நீ கிண்ணத்தைக் கீழே வைத்தாய். தேநீர் ஆறிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அப்போது நீ எழுந்து நின்று, "இவர் பெயர் ஞானதாசன். இவர் என் கணவர்" என்று இங்கிலீஷில் சொன்னாய். உன் குரல் நடுங்கவில்லை. கங்காணிக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலும் ஒருமுறை சொன்னாய்.

ஆத்திரத்தோடுதான் மலை இறங்கினேன். வேலை போயிற்று, மானம் போயிற்று, எல்லாம் உன்னால் என்று குலசேகரத்திலிருந்து தக்கலை வரை பஸ்ஸில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்குமேல் திட்ட முடியவில்லை. காதில் வேறு ஒன்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

வருகிற சனிக்கிழமை அங்கே வருகிறேன். வேலை கேட்க அல்ல. கேட்டில் நின்று தங்கபாயைப் பார்க்க வேண்டும் என்பேன், நீ யார் என்று கேட்டால் அவளுடைய புருஷன் என்பேன். துரையே வந்து கேட்டாலும் சொல்வேன். கிறிஸ்துமஸ் வரை இருப்பதும் என்னோடு வருவதும் உன் இஷ்டம். நான் அதைக் கேட்க வரவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து என் பெயரை உன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முதல்முதலாக நீ அதைச் சொன்னபோது துரையைப் பார்த்துச் சொன்னாய், மதாம்மாவைப் பார்த்துச் சொன்னாய், கங்காணியைப் பார்த்தும் சொன்னாய். அவர்கள் எல்லோர் மேலும் எனக்குப் பொறாமை, தங்கம். என்னைப் பார்த்து ஒருமுறை சொல்.

ஞானதாசன்